அளக்கிற படி சரியில்லை: பேஸ்பால் குளோசர்களைப் பற்றி ஒரு கணக்கு



"ஆறு மாசம் அமெரிக்காவில இருந்துட்டு வந்தீங்களே டீச்சர், அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். ஊர் சுற்றின படமெல்லாம் மகள் போட்டுவிட்டாள். நான் அங்கே உட்கார்ந்து உருப்படியாகக் கற்றுக்கொண்டது பேஸ்பால். மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் டிவியில் போடுவார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆச்சி, இப்போ பாருங்க" என்று விளக்குவான். கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு அந்த ஆட்டத்தின் புள்ளிவிவரங்கள் மிகவும் பிடித்துப்போயின. ஊருக்கு வந்த பிறகும் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அதில் ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. குளோசர் என்று ஒருவர் இருக்கிறார். அணி முன்னிலையில் இருக்கும்போது கடைசியாக வந்து பந்து வீசி ஆட்டத்தை முடித்து வைப்பவர். இவருக்குக் கோடி கோடியாகச் சம்பளம் கொடுப்பது தகுமா என்று அங்கே பல வருடமாகச் சண்டை. நான் சொல்வது இதுதான்: நல்ல குளோசருக்கு மதிப்பு உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அந்த மதிப்பை அளக்கிற படிதான் சரியில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் பாடம். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் ஒரு தடவை மட்டை பிடிக்கும். 3 அவுட் ஆனால் இறங்கிவிட வேண்டும். ஆக ஒரு அணி ஜெயிக்க வேண்டுமானால் எதிரணியை பொதுவாக 27 தடவை அவுட் ஆக்க வேண்டும். பந்து வீசுபவரை பிட்சர் என்பார்கள். தொடக்கத்தில் வருபவர் ஐந்தாறு இன்னிங்ஸ் வீசுவார். கை ஓய்ந்ததும் அவரை எடுத்துவிட்டு வேறொருவரை இறக்குவார்கள். இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். கிரிக்கெட்டில் பும்ராவுக்கு இரண்டு ஓவர் முதலில் கொடுத்து, மிச்சம் இரண்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பேஸ்பாலில் அது நடக்காது. வெளியே எடுத்த ஆட்டக்காரர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. அதனால் சிறந்த பிட்சரை எப்போது இறக்குவது என்பது ஒரே ஒரு தடவை எடுக்கிற முடிவு. மொத்தச் சண்டையும் இதில்தான் இருக்கிறது.

குளோசருக்கு மதிப்பெண் போட 'சேவ்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். காப்பாற்றியது என்று அர்த்தம். அணி 3 ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலையில் இருக்கும்போது உள்ளே வந்து, குறைந்தது ஒரு இன்னிங்ஸ் வீசி, முன்னிலையை விடாமல் ஆட்டத்தை முடித்தால் ஒரு சேவ். வேறு சில வழிகளும் உண்டு, ஆனால் பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கணக்கு பிறந்த கதை சுவையானது. 1959இல் பிட்ஸ்பர்க் அணியில் எல்ராய் ஃபேஸ் என்று ஒரு பிட்சர். நடுவில் வந்து வீசுகிறவர். அந்த வருடம் அவர் பெயரில் 18 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. உலகமே வியந்தது. ஆனால் சிகாகோவில் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற விளையாட்டு நிருபர் இதை ஒப்பவில்லை. ஃபேஸ் சில ஆட்டங்களில் வந்து இருந்த முன்னிலையைக் கோட்டை விட்டார், பிறகு அவருடைய அணிக்காரர்கள் அடித்து ஜெயித்ததால் வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டது என்று கவனித்தார். சொதப்பினவருக்கு வெற்றி, ஒழுங்காகக் காப்பாற்றியவருக்கு ஒன்றுமில்லை என்றால் அது என்ன நியாயம்? அதற்காகவே அவர் சேவ் என்ற கணக்கை உருவாக்கினார். 1969இல் அது அதிகாரபூர்வமான புள்ளிவிவரம் ஆயிற்று.

ஆக, பொய்யான ஒரு அளவைத் திருத்தத்தான் இந்தப் படி செய்யப்பட்டது. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் போகப் போக இதுவும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள். 2007 ஆகஸ்ட் 22ஆம் தேதி டெக்சாஸ் அணி பால்டிமோர் அணியை 30க்கு 3 என்று அடித்து நொறுக்கியது. கடைசி மூன்று இன்னிங்ஸை வீசியவர் வெஸ் லிட்டில்டன். அவர் வரும்போதே அணி 14க்கு 3 என்று முன்னிலை. மூன்று இன்னிங்ஸ் நன்றாக வீசி முடித்தாலும் சேவ் உண்டு என்று விதியில் இருப்பதால், அவர் பெயரில் ஒரு சேவ் எழுதப்பட்டது. 27 ரன் வித்தியாசத்தில் அவர் எதிலிருந்து எதைக் காப்பாற்றினார் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, அது அபூர்வமாக நடப்பது. தினசரி நடப்பதைப் பார்ப்போம். 1988 வாக்கில் ஓக்லண்ட் அணியின் மேனேஜர் டோனி லா ரூசா, டென்னிஸ் எக்கர்ஸ்லி என்ற பிட்சரைக் கிட்டத்தட்ட 9ஆவது இன்னிங்ஸுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார். அதற்கு முன்னால் கூஸ் காசிஜ், ரோலி ஃபிங்கர்ஸ் போன்றவர்கள் இரண்டு மூன்று இன்னிங்ஸ் வீசுவது சாதாரணம். எக்கர்ஸ்லிக்கு ஒரு இன்னிங்ஸ்தான். அவரும் பிரமாதமாக வீசினார். 1992இல் 51 சேவ் எடுத்து, சிறந்த பிட்சர் விருது, சிறந்த ஆட்டக்காரர் விருது இரண்டையும் வாங்கினார். அதைப் பார்த்து எல்லா அணியும் அப்படியே செய்ய ஆரம்பித்தன.

இப்போது ஸ்லேட்டை எடுங்கள். ஒரு வருடத்துக்கு ஒரு அணி 162 ஆட்டம் ஆடுகிறது. ஆட்டத்துக்கு 9 என்றால் 1,458 இன்னிங்ஸ். குளோசர் வீசுவது சுமார் 65 இன்னிங்ஸ். நூற்றுக்கு நாலரை பங்குகூட முழுதாக இல்லை. நல்ல தொடக்க பிட்சர் 180 இன்னிங்ஸ் வீசுவார். இன்னொரு கணக்கு: 9ஆவது இன்னிங்ஸ் தொடங்கும்போது முன்னிலையில் இருக்கும் அணி ஏறத்தாழ 95 சதவீதம் ஜெயித்துவிடுகிறது. குளோசர் என்ற பதவியே இல்லாத பழைய காலத்திலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். 3 ரன் முன்னிலை, எதிரணியில் யாரும் பேஸில் இல்லை, எடுக்க வேண்டியது 3 அவுட் என்றால், அது சுமாரான பிட்சர்கூட முடிக்கக்கூடிய வேலை. அதற்கும் ஒரு சேவ்தான்.

அதே ஆட்டத்தில் 7ஆவது இன்னிங்ஸை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு ரன் முன்னிலை, மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள், ஒருவர்கூட அவுட் இல்லை. அங்கே ஒருவர் வந்து ரன்னே கொடுக்காமல் முடித்துவிட்டுப் போகிறார். உண்மையில் ஆட்டத்தைக் காப்பாற்றியவர் அவர். ஆனால் சேவ் அவருக்குக் கிடையாது. 'ஹோல்ட்' என்று ஒரு ஆறுதல் பரிசு கிடைக்கும், அவ்வளவுதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைக்காதீர்கள். ஒருவருடைய கூலி இதில் இருக்கிறது. நியூயார்க் யாங்கீஸில் டெலின் பெட்டான்சஸ் என்று ஒரு பிட்சர். 2014, 2015, 2016 மூன்று வருடமும் நட்சத்திர அணிக்குத் தேர்வானவர். மூன்று வருடமும் தலா 100க்கு மேற்பட்ட மட்டையாளர்களை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றியவர். நடு இன்னிங்ஸில் வருகிற ஒருவருக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. பெரும்பாலும் அவர் வீசியது 7, 8ஆவது இன்னிங்ஸில். 2017இல் சம்பளத் தகராறு நடுவர்களிடம் போனது. அவர் கேட்டது 50 லட்சம் டாலர். கிளப் தருகிறேன் என்றது 30 லட்சம். அதிக சேவ் எடுக்காதவர் குளோசருக்கான சம்பளத்தைக் கேட்கிறார் என்பது கிளப்பின் வாதம். நடுவர் குழு கிளப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 30 லட்சம் டாலர் நமக்குப் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் செய்த வேலையை விட்டுவிட்டு, அதை எந்த நேரத்தில் செய்தார் என்று பார்த்துக் கூலி பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற அன்று மாலையும் சால்வையும் யாருக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஆசிரியர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் திணறிய பிள்ளையை மூன்றாம் வகுப்பிலேயே பிடித்து நிறுத்தினவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. பெட்டான்சஸ் கதையைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது.

கூலி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கணக்கு ஆட்டத்தையே தோற்க வைக்கும் என்பதற்கு 2016 அக்டோபர் 4ஆம் தேதி டொரான்டோவில் நடந்த ஆட்டம் சாட்சி. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஒற்றை ஆட்டம். பால்டிமோர் அணியின் குளோசர் சாக் பிரிட்டன். அந்த வருடம் 47 தடவை சேவ் வாய்ப்பு வந்தது, 47ஐயும் காப்பாற்றினார். 67 இன்னிங்ஸில் அவர் கணக்கில் சேர்ந்தது வெறும் 4 ரன். ஆட்டம் 2க்கு 2 என்று சமநிலையில் 11ஆவது இன்னிங்ஸுக்குப் போயிற்று. மேனேஜர் பக் ஷோவால்டர் ஒவ்வொருவராக மற்ற பிட்சர்களை இறக்கினார். பிரிட்டன் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். ஏன்? வெளியூர் ஆட்டத்தில் முன்னிலை கிடைத்த பிறகுதான் குளோசரை இறக்குவது வழக்கம். சமநிலையில் இறக்கினால் சேவ் கிடையாது. கடைசியில் தொடக்க பிட்சரான உபால்டோ ஜிமெனஸ் வந்தார். எட்வின் என்கர்னாசியோன் அடித்த ஒரே அடியில் 3 ரன். ஆட்டம் முடிந்தது, பால்டிமோரின் வருடமும் முடிந்தது. அந்த வருடத்தின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர்களில் ஒருவர் ஒரு பந்துகூடப் போடாமல் வீட்டுக்குப் போனார். வராத முன்னிலைக்காக அவரைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்!

"அப்படியானால் குளோசரே வேண்டாம் என்கிறீர்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார். இல்லை, அந்தப் பக்கத்துக்கும் நான் போக மாட்டேன். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 2003இல் அதைச் செய்து பார்த்தது. குளோசர் என்று யாரும் இல்லை, அன்றைக்கு யார் பொருத்தமோ அவர் வீசட்டும் என்று ஆரம்பித்தார்கள். யோசனை காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே 9ஆவது இன்னிங்ஸில் 4க்கு 1 என்று முன்னிலையில் இருந்து, 6க்கு 4 என்று தோற்றார்கள். இரண்டு மாதத்துக்குள் வேறு அணியிலிருந்து ஒரு குளோசரை வாங்கினார்கள். அதற்காக அந்த யோசனையே தவறு என்று நான் சொல்லவில்லை. வேலையைப் பங்கு போட்டாலும், பங்கு வாங்குகிறவர்கள் திறமைசாலிகளாக இருக்க வேண்டும் அல்லவா? நல்ல ஆள் இல்லாமல் நல்ல திட்டத்தால் பயன் இல்லை.

நல்ல ஆள் என்றால் எப்படி இருப்பார்? மரியானோ ரிவேராவைப் பாருங்கள். பனாமா நாட்டில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 1995 முதல் 2013 வரை யாங்கீஸில் ஆடி 652 சேவ் எடுத்தார். பெரும்பாலும் ஒரே வகைப் பந்துதான். நேராக வருவதுபோல் வந்து கடைசி நொடியில் கொஞ்சம் விலகும். அதை வைத்தே 19 வருடம் ஓட்டினார். 2019இல் புகழ் மண்டபத்துக்கு வாக்களித்த 425 பேரும் அவருக்கே வாக்களித்தார்கள். அதற்கு முன் யாருக்கும் அப்படி நூற்றுக்கு நூறு கிடைத்ததில்லை.

அந்த 652 ஒரு பக்கம் இருக்கட்டும். என் கண்ணில் பட்டது வேறு எண். அக்டோபர் மாதப் பெரிய ஆட்டங்களில் அவர் 141 இன்னிங்ஸ் வீசி, அவர் பொறுப்பில் சேர்ந்த ரன் 11 மட்டுமே. எதிரே இருப்பது நாட்டின் சிறந்த அணிகள். 2003 அக்டோபரில் பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டம், 5க்கு 5 சமநிலை. ரிவேரா 9, 10, 11 என்று மூன்று இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் நின்றார். யாங்கீஸ் 6க்கு 5 என்று ஜெயித்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அந்த ஆட்டத்துக்கு அவருக்கு எத்தனை சேவ் தெரியுமா? பூஜ்யம்! சமநிலையில் வந்ததால் கணக்கில் சேராது. 30க்கு 3 ஆட்டத்துக்கு ஒரு சேவ், இதற்குப் பூஜ்யம். படி சரியில்லை என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும். ரிவேராவும் 80 தடவை சேவைக் கோட்டை விட்டிருக்கிறார். 2001 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் அரிசோனாவுக்கு எதிராக 2க்கு 1 என்ற முன்னிலையை 9ஆவது இன்னிங்ஸில் விட்டார். கோப்பை போயிற்று. எக்கர்ஸ்லிக்கும் 1988 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் அதுதான் நடந்தது. இரண்டு காலும் சரியில்லாமல் நொண்டி நொண்டி வந்த கிர்க் கிப்சன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். மற்றவர்கள் தவறினால் சரிசெய்ய அடுத்த இன்னிங்ஸ் இருக்கிறது. குளோசருக்குப் பெரும்பாலும் அது இல்லை. இரண்டு பேரும் அதற்குப் பிறகும் வந்து வீசினார்கள், முன்பைவிடப் பெயர் வாங்கினார்கள். நேற்றைய தோல்வியை இன்றைக்குத் தூக்கிக்கொண்டு வராத மனசு எல்லாருக்கும் வாய்க்காது. அதற்கு விலை உண்டு என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படிப்பட்ட ஆளை எப்படிப் பயன்படுத்த வேண்டும்? டெரி ஃபிராங்கோனா என்ற மேனேஜர் இரண்டு தடவை செய்து காட்டினார். 2004 அக்டோபரில் அவர் பாஸ்டன் மேனேஜர். யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. நான்காவது ஆட்டத்தில் 7ஆவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 4க்கு 3 என்று முன்னிலை. பாஸ்டன் பின்தங்கி இருக்கும்போதே ஃபிராங்கோனா தன் குளோசர் கீத் ஃபோல்க்கை இறக்கினார். சேவ் கிடைக்க வழியே இல்லாத நேரம். ஃபோல்க் 8 அவுட் எடுத்தார், ரன் கொடுக்கவில்லை. எதிரே வீசியவர் நம் ரிவேரா. 9ஆவது இன்னிங்ஸில் டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடி ஓட, பில் முல்லர் அடித்த அடியில் சமநிலை. 12ஆவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் அடித்து பாஸ்டன் ஜெயித்தது. பிறகு மீதி மூன்று ஆட்டமும் ஜெயித்து, 86 வருடத்துக்குப் பிறகு உலகத் தொடரையும் வென்றார்கள். முதல் அடியைப் போட்டது ஃபோல்க்கின் அந்த 8 அவுட். அதற்கு ஒரு சேவும் இல்லை.

2016இல் ஃபிராங்கோனா கிளீவ்லேண்ட் அணியில். ஆண்ட்ரூ மில்லர் என்ற சிறந்த பிட்சரை 5, 6, 7ஆவது இன்னிங்ஸ் என்று ஆபத்து எங்கே வந்ததோ அங்கே இறக்கினார். டொரான்டோ தொடரில் மில்லர் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பிரிட்டனை உட்கார வைத்த அதே மாதம், அதே டொரான்டோ!

மறுபக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிட்சரின் தோளும் முழங்கையும் இரும்பில்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் மறுபடி மறுபடி கையைச் சூடாக்கினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். 9ஆவது இன்னிங்ஸ்தான் என்று தெரிந்தால் உடம்பையும் மனசையும் அதற்கேற்றபடி வைத்துக்கொள்ளலாம். மில்லரும் அந்த வருடம் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் ரன் கொடுத்தார், கிளீவ்லேண்ட் 8க்கு 7 என்று தோற்றது. 162 ஆட்டமும் இப்படி ஓட்ட முடியாது என்பது உண்மை. சாதாரண நாட்களில் 9ஆவது இன்னிங்ஸ் முறை இருந்துவிட்டுப் போகட்டும். தோற்றால் வீடு என்கிற ஆட்டத்தில் மட்டுமாவது சேவ் கணக்கைக் கட்டி பரணில் போட்டுவிட்டு, ஆபத்து வரும்போது சிறந்தவரைக் கூப்பிடுங்கள் என்கிறேன். சம்பளம் பேசும்போதும் எத்தனையாவது இன்னிங்ஸ் என்று பார்க்காமல், எவ்வளவு நெருக்கடியில் நின்றார் என்று பாருங்கள். நெருக்கடியை எண்ணால் அளக்கும் முறைகள் இப்போது பேஸ்பாலிலேயே வந்துவிட்டன, கருவி இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இருக்கிற என் பிள்ளைகளே, அடுத்த ஆட்டம் பார்க்கும்போது 9ஆவது இன்னிங்ஸுக்கு மட்டும் எழுந்து நிற்காதீர்கள். 6, 7ஆவது இன்னிங்ஸில் பேஸ் நிறைந்திருக்கும்போது ஓடி வருகிற அந்தப் பெயர் தெரியாத பிட்சரையும் கவனியுங்கள். அவர் பெயரைக் குறித்து வைத்து எனக்கு அனுப்புங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதலாம். மாப்பிள்ளை ஏற்கெனவே எழுதத் தயாராக இருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்